எதிர்வீட்டு அக்காவிடம் நான் பேசலாமா?

வாசகி ஒருவரின் கடிதம் இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 58 வயது. சிங்கப்பூரின் தெம்பனிஸில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் 21 ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். எதிர்வீட்டிலும் தமிழ்க் குடும்பம். பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒருவர் வீட்டுச் சாவி மற்றவர் வீட்டில் இருக்கும். எதிர்வீட்டு அண்ணன் குடியிருப்பாளர்களுக்கான அடித்தள அமைப்பான வசிப்போர் கட்டமைப்பில் பல ஆண்டுகளாகத் தொண்டர். வாசகியின் கணவருக்கு எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி மேல் பிடிப்பு. தேர்தல் வந்தால் பிரசாரக் கூட்டத்துக்குக் குடையோடு போய் நிற்பவர். இத்தனை காலமும் இரண்டு பேரும் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டு வாதிடுவார்கள், பிறகு சேர்ந்தே மின்தூக்கியில் ஏறி வருவார்கள்.

2025 மே மாதத் தேர்தலில் அது மாறிவிட்டது. வாக்களிப்புக்கு முந்தின நாள் வாசகியின் மருமகன் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்சிச் சுவரொட்டியைப் பகிர்ந்தார். மருமகன் தஞ்சாவூர்க்காரர், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. 'பிரசார ஓய்வு நாளில் இதையெல்லாம் போடக்கூடாது, புகார் கொடுப்பேன்' என்றார் எதிர்வீட்டு அண்ணன். 'ஜால்ரா போடுறவருக்குச் சட்டம் வேற தெரியுமா' என்று வாசகியின் கணவர் எழுதினார். பதிலுக்கு அண்ணன் மருமகனைப் பார்த்து, 'உனக்கு இங்கே ஓட்டே இல்லை, ஊருக்குப் போய் அரசியல் பண்ணு' என்று போட்டார். சீன, மலாய் அண்டைவீட்டார் உட்பட நாற்பது பேருக்கு மேல் உள்ள குழு அது.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஜூலையில் தாழ்வாரப் பூச்சட்டிகளை அகற்றச் சொல்லி நகர மன்ற அறிவிப்பு வந்தது. அதுவும் அவர் வேலைதான் என்கிறார் கணவர். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மாறவில்லை. வரும் தை மாதம் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், அழைப்பு இன்னும் வரவில்லை. வாசகியும் எதிர்வீட்டு அக்காவும் மட்டும் ஈரச்சந்தையில் ஒளிந்து ஒளிந்து பேசிக்கொள்கிறார்கள்.

அவர் கேட்பவை: அக்காவிடம் பேசுவது கணவருக்குச் செய்யும் துரோகமா? போலீசில் புகார் கொடுக்கலாமா? நாங்கள் யாருக்கு வாக்களித்தோம் என்பது அவருக்குத் தெரியுமா, அதனால் எங்களுக்கு ஏதும் வருமா? பேசாமல் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் உங்கள் கணவருக்கு ஒன்றரைப் பக்கம், எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரு பக்கம், பூச்சட்டிக்கு அரைப் பக்கம். மருமகனுக்கு ஒரே வரி: 'அவர் ஒன்றும் சொல்லவில்லை, அமைதியான பையன்.' நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சண்டையை நீங்கள் 'அரசியலால் வந்த சண்டை' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அரசியல் வேறுபாடு இருபது வருஷமாக இருந்தது. 2020 தேர்தலிலும் இருந்தது, 2023 அதிபர் தேர்தலிலும் இருந்திருக்கும். அதனால் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. இந்த முறை புதிதாக நடந்தது இரண்டு. ஒன்று, நாலு பேர் பார்க்க ஒருவரை ஜால்ரா என்றது. இன்னொன்று, நாலு பேர் பார்க்க ஒருவரை ஊருக்குப் போ என்றது. இரண்டையும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய முடியும். அரசியல் கருத்தைச் சரிசெய்ய வேண்டிய தேவையே இல்லை. உங்கள் கணவர் கட்சி மாற வேண்டாம், அண்ணனும் மாற வேண்டாம்.

தெம்பனிஸ் குழுத்தொகுதியில் அந்தத் தேர்தலில் நான்குமுனைப் போட்டி. ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு 52.02 விழுக்காடு, பாட்டாளிக் கட்சிக்கு 47.37 விழுக்காடு. அதாவது உங்கள் தாழ்வாரத்தில் பத்து வீடு இருந்தால், ஏறக்குறைய ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். எதிர்வீட்டோடு மட்டும் கருத்து வேறுபட்டதாக நினைக்காதீர்கள். மேல்வீட்டோடும், நீங்கள் தினமும் காலையில் சிரித்துப் பேசும் மலாய் மாச்சிக்கோடும்கூட வேறுபட்டிருக்கலாம். தெரியாததால் நன்றாகப் பழகுகிறீர்கள், அவ்வளவுதான்.

மருமகனுக்கு நேர்ந்தது

'ஊருக்குப் போ' என்பது கட்சிப் பேச்சு இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கும் ஊரிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களுக்கும் இடையே ஓடும் ஓர் உரசல் அது. வேலை, பேச்சு வழக்கு, தேசிய சேவை, 'நீங்க சிலோனா, இந்தியாவா, லோக்கலா' என்ற விசாரிப்பு, இப்படிப் பல வடிவத்தில் வரும். நம் வீடுகளில் இதைப் பற்றி அதிகம் பேசமாட்டோம். கோபத்தில்தான் வெளியே வரும். அண்ணன் உங்கள் மருமகனின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்ததால் அந்தச் சொல் அவருக்கு இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

அதனால் போலீஸ், புகார் என்று உங்கள் கணவர் பேசுவதற்கு முன், மருமகனை உட்காரவைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: 'தம்பி, உனக்கு என்ன வேணும்?' அவர் ஒரு வருத்தம் தெரிவிப்பதை எதிர்பார்க்கலாம். 'விட்டுடுங்க மாமி, எனக்கு அந்தக் குழுவே வேண்டாம்' என்றும் சொல்லலாம். காயம்பட்டவர் அவர். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அவரைக் கேட்காமல் மாமனார் முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கடிதத்தைப் படிக்கும்போது, உங்கள் கணவர் மருமகனின் காயத்தை வைத்துத் தம்முடைய கோபத்துக்கு நியாயம் தேடுகிறாரோ என்றுகூடத் தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 'நிரந்தரவாசியும் கிட்டத்தட்ட குடிமகன் மாதிரிதானே' என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்தல் விஷயத்தில் அப்படி இல்லை. வாக்களிப்பதும் தேர்தல் பிரசாரத்தில் ஈடுபடுவதும் குடிமக்களுக்கு மட்டுமே. இணையத்தில் தேர்தல் விளம்பரம் வெளியிடவும் குடிமக்கள் அல்லாதவர்களுக்குத் தடை உண்டு. அந்தத் தேர்தலில் இது வெறும் ஏட்டுச் சட்டமாகவும் இல்லை. 2025 ஏப்ரல் 25ஆம் தேதி, வெளிநாட்டவர் சிலரின் ஃபேஸ்புக் பதிவுகளைச் சிங்கப்பூரில் தெரியாதபடி தடுக்க மெட்டா நிறுவனத்துக்கு உத்தரவு போனது. அவை அரசியல்வாதிகள் உள்ளிட்டோர் பொதுவில் போட்ட பதிவுகள். உங்கள் மருமகன் புளோக் குழுவில் அனுப்பியதை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் அடுத்த தேர்தலில் கட்சிப் படம், சுவரொட்டி எதையும் அவர் பகிராமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. வீட்டில் பேசலாம், நண்பரிடம் கருத்துச் சொல்லலாம், அதை யாரும் தடுக்கவில்லை.

பிரசார ஓய்வு நாள் பற்றி அண்ணன் சொன்னது பாதிதான் சரி. அந்த நாளில் பிரசாரத்துக்குத் தடை உண்டு. ஆனால் ஒரு தனி மனிதர் தம் சொந்த அரசியல் கருத்தைப் பணம் வாங்காமல் இன்னொரு தனி மனிதருக்கு மின்னியல் வழியாக அனுப்புவதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. கட்சியின் சுவரொட்டியை நாற்பது பேருக்கு அனுப்புவதும் சொந்தக் கருத்தும் ஒன்றா என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆகவே, புகார் என்று இரண்டு தரப்பும் கிளம்பினால் உங்கள் வீட்டுப் பையனும் விசாரணையில் பதில் சொல்ல வேண்டிவரலாம். இதைக் கணவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் வாக்கு யாருக்கும் தெரியாது

அண்ணன் அடித்தளத் தொண்டர் என்பதால் அவருக்கு 'மேலிடத்திலிருந்து' தெரிந்திருக்கும் என்று பயப்படுகிறீர்கள். இந்தப் பயம் நம் பெரியவர்கள் பலரிடம் உண்டு. வாக்குச்சீட்டில் தொடர் எண் இருப்பதைப் பார்த்ததும் வந்த பயம் அது. அந்த எண் கள்ளச் சீட்டு நுழையாமல் இருப்பதற்காக. வாக்குகள் எண்ணி முடிந்ததும் சீட்டுகள் பெட்டியில் முத்திரையிடப்பட்டு, உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பாதுகாப்பாக வைக்கப்படும். பிறகு எரிக்கப்படும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இடையில் யாரும் அவற்றைத் திறக்க முடியாது. வாக்குகளை எண்ணும்போது வேட்பாளர்களின் முகவர்கள் பார்ப்பார்கள். எந்த வாக்களிப்பு நிலையத்தில் எந்தக் கட்சிக்குக் கூடுதலாக விழுந்தது என்பது கட்சிகளுக்குத் தெரியவரும். எந்த வீட்டுக்காரர் எதில் குறியிட்டார் என்பது தெரியாது. உங்கள் கணவர் யாருக்கு வாக்களித்தார் என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தால், அது உங்கள் கணவர் காப்பிக்கடையில் உரக்கச் சொன்னதால் மட்டுமே!

'எதிர்க்கட்சிக்குப் போட்டால் புளோக்குக்கு மேம்பாட்டு வேலை வராது' என்று அண்ணன் முன்பு ஒருமுறை சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1997 பொதுத் தேர்தலில், எந்த வட்டாரம் கூடுதல் ஆதரவு தருகிறதோ அதற்கு வீடமைப்பு மேம்பாட்டில் முன்னுரிமை என்று ஆளும் கட்சி வெளிப்படையாகவே சொன்னது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அண்ணனுடையது. அதே மாதிரி, உங்கள் கணவர் வசிப்போர் கட்டமைப்பைக் கட்சி அலுவலகம் போலப் பார்ப்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. அது மக்கள் கழகத்தின் கீழ் வருவது. மக்கள் கழகம் 1960இல் சட்டப்படி அமைந்த பொது அமைப்பு, கட்சி அமைப்பு அல்ல. ஆனால் எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் அடித்தள அமைப்புகளின் ஆலோசகராக அந்த எம்பி நியமிக்கப்படுவதில்லை என்பதும் உண்மை. அதனால் சந்தேகம் வருகிறது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் அனுபவத்தை வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் கீழ்வீட்டுப் பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகச் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்தவர் இதே அண்ணன்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அவரை ஜால்ரா என்று ஒரு சொல்லில் அடக்கியது அவருக்கு எங்கே வலித்திருக்கும் என்று உங்கள் கணவர் யோசித்துப் பார்க்கட்டும்.

பூச்சட்டி விவகாரம்

இதை விட்டுவிடுங்கள். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. நகர மன்ற ஊழியர்கள் சுற்றிவரும்போது பார்ப்பார்கள். குடியிருப்புக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்விஸ் செயலியில் யார் வேண்டுமானாலும் படம் எடுத்து அனுப்பலாம். அண்ணன்தான் செய்தார் என்பதற்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. அளவெடுத்துப் பாருங்கள். வழி இருந்தால் நகர மன்றத்திடம் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சட்டியை எடுத்துவிடுங்கள். முருங்கையைத் தாழ்வாரத்தில் வைத்தது கொஞ்சம் ஆசை அதிகம்தான்.

புகார், நடுவர் மன்றம், சமரசம்

தொந்தரவிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014 முதல் இங்கே இருக்கிறது. மிரட்டல், அவமதிக்கும் சொல், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தில் அவருடைய விவரங்களை இணையத்தில் போடுவது போன்றவற்றுக்கு அது பொருந்தும். மருமகன் விரும்பினால் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்கலாம், அது அவர் உரிமை. ஆனால் ஒரே நாளில், ஒரே குழுவில், இரண்டு பக்கமும் மாறி மாறி எழுதிய நாலு வரி. உங்கள் கணவரின் வரியும் அதே ஸ்கிரீன்ஷாட்டில்தான் இருக்கும். அதற்குப் பின் அண்ணன் எதுவும் எழுதவில்லை, வழிமறிக்கவில்லை, கத்தவில்லை என்கிறீர்கள். இந்த நிலையில் புகாரால் நீங்கள் பெறப்போவது குறைவு, இழக்கப்போவது அதிகம். அவர் மறுபடி அப்படி எழுதினாலோ மிரட்டினாலோ கதை வேறு. அப்போது ஆதாரத்தைச் சேமித்து வையுங்கள், தயங்காதீர்கள்.

அண்டைவீட்டார் பூசலுக்கென 2015 முதல் தனி நடுவர் மன்றமும் செயல்படுகிறது, 20,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம் என்பதை யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சத்தம், நாற்றம், குப்பை, வழியடைப்பு போன்று வீட்டில் நிம்மதியாக இருக்கவிடாத செயல்களுக்கானது. பேசாமல் இருப்பதற்கும் கல்யாணத்துக்கு அழைக்காததற்கும் அங்கே வழக்குப் போட முடியாது.

உங்களுக்குப் பொருந்துவது சமூக சமரச நிலையம். 1998இல் தொடங்கியது. விண்ணப்பிக்கக் கட்டணம் 5 வெள்ளி. பயிற்சி பெற்ற தொண்டூழியச் சமரசர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைப்பார்கள். தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம். யார் சரி, யார் தப்பு என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். எந்தக் கட்சி நல்லது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 'குழுவில் இனி எதைப் போடுவது, எதைப் போடாமலிருப்பது' என்பது போன்ற நடைமுறை விஷயத்தில் உடன்பாடு எழுதிக்கொள்ளலாம். ஆனால் இது முதல் படி இல்லை. 21 வருஷம் சாவி கொடுத்து வாங்கிய வீட்டுக்குத் திடீரென்று ஒரு கடிதம் போனால் அவர் மிரண்டுபோவார்.

முதல் படி உங்கள் கணவருடையது

அவர்தான் முதலில் 'ஜால்ரா' என்றார். அதற்கு அவர்தான் முதலில் பேச வேண்டும். 'அவர் பையனைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு இல்லையா?' என்பார். ஆமாம், பெரிதுதான். ஆனாலும் அதை இதோடு பேரம் பேசக்கூடாது. 'நீ மன்னிப்புக் கேட்டால் நானும் கேட்கிறேன்' என்று ஆரம்பித்தால் இரண்டு பேரும் தை முடிந்து மாசி வரை காத்திருப்பார்கள்.

என்ன சொல்வது? இவ்வளவு போதும்: 'அண்ணே, அன்னிக்கு குரூப்ல உங்களை அப்படிச் சொன்னது தப்பு. கட்சி விஷயத்துல என் எண்ணம் மாறல. ஆனா நாலு பேர் முன்னாடி உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது.' இதில் 'நீங்களும்தான்' என்ற சொல் வரவே கூடாது. பிறகு அதே கருத்தை இரண்டு வரியில் குழுவிலும் எழுதட்டும், ஆங்கிலத்திலும் சேர்த்து. சீன, மலாய் அண்டைவீட்டாரும் அன்று நடந்ததைப் பார்த்தவர்கள்தானே? ஊரறிய அவமானப்படுத்திவிட்டு ரகசியமாக வருத்தம் தெரிவித்தால் அவருக்குப் போன மரியாதை திரும்பாது.

மருமகன் விஷயத்தை அதே மூச்சில் எடுக்காமல், சில நாள் கழித்து அவரோ உங்கள் கணவரோ தனியாகப் பேசலாம். 'நீங்க சொன்னது அவனை ரொம்பப் பாதிச்சிருக்கு' என்று மட்டும். அண்ணன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் பையனிடம் ஒரு வார்த்தை பேசினால் நல்லது. பேசாவிட்டால், உங்கள் வீடும் அந்த வீடும் பழையபடி ஆகாது. காலை வணக்கத்தோடு நிற்கும் உறவாக அது இருக்கும். அதுவும் இப்போதிருக்கும் நிலையைவிட மேல். மருமகனை அந்த வீட்டில் போய் உட்காரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அப்புறம் எதைப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்சியின் பெயரை எடுக்காமல் பேச ஏராளம் இருக்கிறது. பொருள் சேவை வரி 9 விழுக்காடு ஆனது இரண்டு வீட்டுக்கும்தான். உங்கள் புளோக் மின்தூக்கி மாதம் ஒருமுறை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நகர மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் கணவரும் அண்ணனும் சேர்ந்து கையெழுத்திடட்டும். ஒருவருக்கு விவரம் சேகரிக்கும் ஆர்வம், இன்னொருவருக்கு யாரிடம் கொடுப்பது என்ற பழக்கம். இந்த ஜோடி ஒரு புளோக்குக்குக் கிடைப்பது அபூர்வம்.

வாட்ஸ்அப் குழுவில், வேட்புமனுத் தாக்கல் நாளிலிருந்து வாக்களிப்பு நாள் வரை கட்சிப் பதிவு வேண்டாம் என்று நிர்வாகியிடம் கேட்கலாம். இதை உங்கள் கணவரே முன்மொழிந்தால் எடுபடும்.

வீட்டை விற்பது

வேண்டாம். ஆறு மாதக் கோபத்துக்கு 21 வருஷ வீட்டை விற்காதீர்கள். தரகர் கட்டணம், புது வீட்டு முத்திரை வரி, பேரப்பிள்ளையின் பள்ளி, எல்லாம் உண்டு. இன்னொரு விஷயத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு புளோக்கில் இந்தியர், மற்ற இனத்தவருக்கான உச்ச வரம்பு 15 விழுக்காடு. நீங்கள் வாங்கப் போகும் புளோக்கில் அது நிரம்பியிருந்தால், இந்தியர் அல்லாதவர் விற்கும் வீட்டை நீங்கள் வாங்க முடியாது. உங்கள் புளோக்கில் சீனருக்கான வரம்பு நிரம்பியிருந்தால், உங்கள் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, விலையும் குறையலாம். போகும் புது புளோக்கிலும் எதிர்வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார், அவருக்கும் ஒரு கட்சி இருக்கும்.

கடைசியாக, உங்கள் முதல் கேள்வி. அக்காவிடம் பேசுவது துரோகம் இல்லை. ஒளிந்து பேசுவதுதான் உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. இன்று இரவே கணவரிடம் சொல்லிவிடுங்கள்: 'நான் அக்காவோட பேசுறேன், இனியும் பேசுவேன். உங்க விஷயத்தை நான் அவங்ககிட்ட பேசல.' அந்த இரண்டாவது வாக்கியத்தைக் காப்பாற்றுங்கள். நீங்களும் அக்காவும் கணவர்களுக்குத் தூது போக ஆரம்பித்தால், 'அவர் இப்படிச் சொன்னாராம்' என்று ஒரு சொல் பிசகி உங்கள் இருவரின் நட்பும் போய்விடும். அக்கா எப்போதாவது மனம் விட்டு அழுதால் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துவராதீர்கள்.

அழைப்பிதழ் வந்தால் கணவர் தயங்கினாலும் நீங்களும் மகளும் போங்கள். நீங்கள் தூக்கி வளர்த்த பெண் அது. வராவிட்டால், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மொய்ப்பணத்தை உறையிலிட்டு அக்கா கையில் நேராகக் கொடுங்கள், கணவருக்குச் சொல்லிவிட்டு. அதற்குள் உங்கள் கணவர் அண்ணனிடம் பேசிவிட்டால் இதற்கெல்லாம் அவசியம் இருக்காது. தை பிறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.